கல்லின் வயது கண்ட ஆர்தர் ஹோம்ஸ்

மாட்டின் வயதை அதன் பல்லைப் பார்த்துச் சொல்வர். மரத்தின் வயதை அடிமரத்து வளையங்களை எண்ணிச் சொல்வர். கோயிலின் வயதை அதன் கல்வெட்டைப் படித்துச் சொல்வர். ஆனால், அக்கல்வெட்டைத் தாங்கி நிற்கும் கல்லின் வயது என்ன? எழுத்தைச் செதுக்கிய காலம் வேறு. கல் தோன்றிய காலம் வேறு. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இவ்வினாவிற்கு விடை கூற உலகில் ஒருவராலும் இயலவில்லை. அவ்விடையைத் தேடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் ஆர்தர் ஹோம்ஸ். கல்லின் வயதை அறிந்தால் மலைகள் எழுந்த வரலாற்றையும் கண்டங்கள் பிரிந்த வரலாற்றையும் அறியலாம் என்று உலகிற்குக் காட்டியவர்களுள் அவர் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

ஆர்தர் ஹோம்ஸ் 1890ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் இங்கிலாந்தின் வடகிழக்கில் கேட்ஸ்ஹெட் நகரை அடுத்த பகுதியில் பிறந்தார். அவருடைய குடும்பம் எளிய குடும்பம், இறைப்பற்று மிக்கது. வீட்டில் இருந்த விவிலிய நூலின் முதற்பக்க ஓரத்தில், உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று அச்சிடப்பட்டிருந்தது. சிறுவர் ஆர்தரை அந்த எண் பெரிதும் ஈர்த்தது. நாலாயிரம் என்று நிறைவாக முடியாமல், கடைசியில் ஒரு நான்கு ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குப் புதிராக இருந்தது. இவ்வளவு துல்லியமாக ஓர் ஆண்டைச் சொல்ல எவ்வாறு முடிந்தது என்று அவர் எண்ணி எண்ணிப் பார்த்தார்.

அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த இயற்பியலறிஞர் கெல்வின் பிரபு வேறொரு கணக்கை வைத்திருந்தார். உருகிய நிலையில் இருந்த பூமி இன்றைய நிலைக்குக் குளிர்வதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டு, பூமியின் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகள் வரை இருக்கலாம் என்று அவர் அறிவித்திருந்தார். ஆனால், அடுக்கடுக்காகப் படிந்து கிடந்த பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர்களுக்கு அக்காலம் போதுமானதாகத் தோன்றவில்லை. அவர்களிடம் ஐயம் இருந்தது. அதை மெய்ப்பிக்கும் கணக்கு இல்லை.

ஹோம்ஸ் 1907ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று, இயற்பியல் பயில இலண்டன் சென்றார். ஆண்டுக்கு 60 பவுன் உதவித்தொகை. அதைக் கொண்டே வாழ வேண்டிய நிலை. அங்கே அவர் புவியியல் வகுப்பிலும் சேர்ந்தார். அன்று முதல் அவர் உள்ளத்தைப் பாறைகள் ஆட்கொண்டன. இயற்பியலின் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு புவியியலின் புதிரை நோக்கிப் புறப்பட்ட மாணவர் அவர்.

கல்லுக்குள் ஒரு கடிகாரம்

அப்போது கதிரியக்கம் என்னும் புதிய இயல்பு கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. யுரேனியம் என்னும் தனிமம் தானாகவே சிறிது சிறிதாகச் சிதைந்து, படிப்படியாக மாறி, இறுதியில் காரீயமாகிறது. வெயிலோ மழையோ வெப்பமோ அழுத்தமோ இம்மாற்றத்தின் வேகத்தைக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது. யுரேனியத்தின் முதன்மை வகையில் சரிபாதி சிதைவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும்.

இதைக் கொண்டு கல்லின் வயதை எவ்வாறு கணிப்பது? ஒரு பூட்டிய உண்டியலை எண்ணிப் பார்ப்போம். அதில் நாள்தோறும் ஒரு காசு மட்டுமே விழுகிறது. யாரும் அதிலிருந்து எடுப்பதில்லை. உண்டியலைத் திறந்து காசுகளை எண்ணினால், அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். யுரேனியம் உள்ள கனிமமும் அத்தகைய உண்டியலே. அதனுள் சேர்ந்த காரீயத்தையும் எஞ்சியுள்ள யுரேனியத்தையும் அளந்தால், அக்கனிமம் உருவாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிடலாம்.

இம்முறையை அமெரிக்க வேதியியலாளர் போல்ட்வுட் 1907ஆம் ஆண்டு தொடங்கிவைத்தார். இலண்டனில் ஸ்ட்ரட் என்னும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் ஹோம்ஸ் அதைச் செம்மைப்படுத்தினார். நார்வே நாட்டுப் பாறையிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுத்துப் பொடியாக்கி, கரைத்து, அவற்றில் இருந்த மிகச் சிறிய அளவுக் காரீயத்தைப் பொறுமையோடு அளந்தார். அப்பாறையின் வயது 37 கோடி ஆண்டுகள் என்பது விடையாக வந்தது. கெல்வின் பிரபு முழுப் பூமிக்கும் கொடுத்த வயதைப்போல ஒன்பது மடங்கிற்கும் மேற்பட்ட காலம் ஒரே ஒரு பாறைக்கு ஆகிவிட்டது!

1911ஆம் ஆண்டு வெளிவந்த அக்கட்டுரையில், வேறு நாடுகளின் பாறைகளுக்கும் ஹோம்ஸ் வயது கணித்திருந்தார். அப்பட்டியலில் மிக மூத்தது இலங்கையில் கிடைத்த கல். அதற்கு அவர் கணித்த வயது 164 கோடி ஆண்டுகள். அப்போது ஹோம்ஸின் வயது 21.

மொசாம்பிக் காடுகளில்

அறிவு வளர்ந்தது, ஆனால், கையில் பொருள் இல்லை. எனவே, அதே ஆண்டில் கனிமங்களைத் தேடும் பணியை ஏற்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மொசாம்பிக்கிற்குக் கப்பலேறினார். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அங்கே அலைந்தும் விலைமதிப்புள்ள கனிமம் எதுவும் கிடைக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. நோய் முற்றியதால், அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியே அவருடைய ஊருக்கு அனுப்பப்பட்டது. ஆயினும், அவர் பிழைத்தெழுந்து நாடு திரும்பினார்.

பொன்னும் மணியும் கிடைக்காத அப்பயணத்தில் அவர் வேறொன்றைக் கண்டார். மொசாம்பிக்கில் எங்கு நோக்கினும் கருமையும் வெண்மையுமாக வரிவரியாகத் தோன்றும் நைஸ் என்னும் பாறைகள் பரந்து கிடந்தன. அவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தம் பழைய வடிவத்தை இழந்து புது வடிவம் பெற்ற உருமாறிய பாறைகள். அவற்றைப் பற்றி 1918ஆம் ஆண்டு அவர் விரிவான கட்டுரை எழுதினார். அப்பாறைகள் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அவரை அழைக்க இருந்தன.

இதற்கிடையே 1913ஆம் ஆண்டு, தம் 23ஆம் வயதில், பூமியின் வயதைப் பற்றி அவர் ஒரு நூலை வெளியிட்டார். பூமியின் வயது ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகள் என்ற கருத்தை அதில் முன்வைத்தார். அறிஞர் பலர் அதை உடனே ஏற்கவில்லை. முன்பு பூமிக்கு வயது போதவில்லை என்று வருந்திய புவியியலாளர்களே, இப்போது வயது மிகுந்துவிட்டது என்று தயங்கினர்.

இழப்பும் மீட்சியும்

1920ஆம் ஆண்டு ஹோம்ஸ் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் தலைமைப் புவியியலாளராகப் பணியேற்றுப் பர்மாவிற்குச் சென்றார். அங்கே அவருக்கு நேர்ந்தது பெருந்துயரம். மூன்று வயதே ஆன அவருடைய மகன் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தான். நிறுவனமும் நொடித்துப்போயிற்று. மகனையும் இழந்து, பொருளையும் இழந்து, வெறுங்கையுடன் அவர் இங்கிலாந்து திரும்பினார்.

1924ஆம் ஆண்டு டர்ஹாம் பல்கலைக்கழகம் அவருக்குப் புவியியல் துறையில் பதவி அளித்தது. தொடக்கத்தில் அத்துறையில் அவரைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை. அத்துறையை அவரே வளர்த்தெடுத்தார். பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் பாறைகளின் வயதைப் பற்றிய ஆய்விலேயே கழிந்தது.

கண்டங்களை நகர்த்தும் வெப்பம்

உலகப் படத்தை உற்றுநோக்கினால், தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதுபோலத் தோன்றும். கண்டங்கள் யாவும் முன்பு ஒன்றாக இருந்து பின்னர் விலகிச் சென்றன என்று செருமானிய அறிஞர் ஆல்பிரெட் வெக்னர் 1912ஆம் ஆண்டு கூறினார். ஆனால், இவ்வளவு பெரிய நிலப்பரப்புகளை நகர்த்தும் ஆற்றல் எது என்பதை அவரால் நிறைவாக விளக்க முடியவில்லை. அறிஞர் பலர் அக்கருத்தை எள்ளி நகையாடினர்.

அவ்வாறு நகையாடாதவர்களுள் ஹோம்ஸ் ஒருவர். கதிரியக்கத்தை ஆராய்ந்த அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. யுரேனியம் சிதையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. எனவே, பூமி தன் உட்பகுதியில் தொடர்ந்து வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அவ்வெப்பம் எங்கே செல்கிறது?

உலையில் பருப்பு கொதிப்பதைப் பார்த்தால் விடை புரியும். அடியில் சூடேறிய நீர் மேலே எழுகிறது. மேலே வந்து பக்கவாட்டில் பரவுகிறது. குளிர்ந்தபின் மீண்டும் அடியை நோக்கி இறங்குகிறது. மேலே மிதக்கும் நுரை இவ்வோட்டத்தால் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது. இதனை வெப்பச்சலனம் என்பர். புவியோட்டிற்குக் கீழே உள்ள கவசம் என்னும் பகுதி திடமான பாறையே ஆயினும், மிகுந்த வெப்பத்தால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகரக்கூடியது. அதில் எழும் வெப்பச்சலன ஓட்டங்கள் கண்டங்களைச் சுமந்து செல்கின்றன என்று ஹோம்ஸ் விளக்கினார். ஓட்டம் மேலெழுந்து பிரியும் இடத்தில் கண்டம் பிளந்து புதிய கடல் பிறக்கும். ஓட்டம் கீழிறங்கும் இடத்தில் நிலம் நெருக்குண்டு மலை எழும். 1920களின் இறுதியில் ஸ்காட்லாந்து அறிஞர் அவையில் அவர் உரைத்த இக்கருத்து 1931ஆம் ஆண்டு அச்சில் வந்தது.

அப்போதும் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஹோம்ஸ் யாரோடும் பூசலிடவில்லை. தம் கருத்தே முடிந்த முடிவு என்றும் வாதிடவில்லை. சான்றுகள் சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே அவர் நிலை.

1938ஆம் ஆண்டு அவருடைய துணைவியார் மார்கரெட் காலமானார். அடுத்த ஆண்டு, தம்மைப் போலவே புவியியல் அறிஞரான டோரிஸ் ரெனால்ட்ஸ் அம்மையாரை அவர் மணந்தார். 1943ஆம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போர் நடந்த இரவுகளில், குண்டுவீச்சால் தீப்பற்றாமல் காக்கும் காவற்பணியில் இருந்தபோதும் எழுதியெழுதி ஒரு பெருநூலை முடித்தார். புவியியலை விளக்கும் அந்நூல் 1944ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் இறுதி இயலில், மற்றவர் ஒதுக்கிய கண்ட நகர்வுக் கருத்தை மாணவர்களுக்கு அவர் எடுத்துரைத்தார்.

தேய்ந்துபோன மலைகள்

மலை என்றும் மலையாக இருப்பதில்லை. இரு நிலப்பரப்புகள் மோதும்போது நிலம் மடிந்து உயர்கிறது. அதே வேளையில், நிலத்தின் ஒரு பகுதி பல கிலோமீட்டர் ஆழத்திற்குப் புதைகிறது. அங்குள்ள வெப்பமும் அழுத்தமும் பழைய பாறைகளை உருமாற்றுகின்றன. பின்னர், கோடிக்கணக்கான ஆண்டுகள் பெய்யும் மழையும் வீசும் காற்றும் ஓடும் ஆறும் மலையைத் தேய்த்துவிடுகின்றன. சிகரம் மறைந்தபின், ஆழத்தில் இருந்த மலையின் வேர் வெளியே தெரிகிறது. மொசாம்பிக்கில் ஹோம்ஸ் கண்ட நைஸ் பாறைகள் அத்தகைய வேர்களே.

இவ்வேர்களின் காலத்தை அறிவது எளிதன்று. படிவுப் பாறைகளில் புதைந்துள்ள உயிரினச் சுவடுகளைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தலாம். உருமாறிய பாறைகளிலோ, அத்தகைய சுவடு முன்பு இருந்திருந்தாலும் வெப்பத்தால் அழிந்துபோயிருக்கும். பூமி வரலாற்றில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு, தெளிவான உயிரினச் சுவடுகள் பெருகுவதற்கு முற்பட்ட காலம். அக்காலத்தைப் படிப்பதற்குக் கதிரியக்கக் கடிகாரம் ஒன்றே துணை.

உருமாற்றம் அக்கடிகாரத்தையும் தொடுகிறது. கடும் வெப்பத்தில் சில கனிமங்களிலிருந்து காரீயம் வெளியேறிவிடும். உண்டியல் காலியாகி, கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். சிர்கான் என்னும் கனிமம் மிக உறுதியானது. அதன் பழைய நடுப்பகுதி அப்படியே இருக்க, அதைச் சுற்றிப் புதிய ஓர் உறை மரவளையம்போல வளரும். நடுப்பகுதி, பாறை முதலில் தோன்றிய காலத்தைச் சொல்லும். உறை, அப்பாறை உருமாறிய காலத்தைச் சொல்லும். அதாவது, மலை எழுந்த காலத்தைச் சொல்லும். மணலளவே உள்ள ஒரு சிர்கான் மணியில் இவ்விரு காலங்களையும் தனித்தனியே அளக்கும் கருவிகள் இன்று உள்ளன. ஹோம்ஸின் காலத்தில் அவை இல்லை. இருந்த கருவிகளைக் கொண்டே அவர் பழைமையான மலைத்தொடர்களை வயது வாரியாகப் பிரிக்க முயன்றார்.

1951ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் பழம்பெரும் மலைத்தொடர்களைப் பற்றி அவர் எழுதினார். கிழக்கு ஆப்பிரிக்காவில் வடக்குத் தெற்காக நீளும் உருமாறிய பாறைகளின் தொகுதியை, அருகிலுள்ள மூத்த பாறைகளிலிருந்து பிரித்துக் காட்டி, அதற்கு மொசாம்பிக் மண்டலம் என்று பெயரிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுசென்ற மண்ணின் பெயர் அது.

இந்தியப் பாறைகளும் அவர் ஆய்வுக்கு உட்பட்டன. அமெரிக்க அறிஞர் நீர் என்பவர் உருவாக்கிய நுண்கருவியின் துணையோடு, இராசபுதனத்திலும் பீகாரின் கயை மாவட்டத்திலும் கிடைத்த யுரேனியக் கனிமங்களுக்கு அவரும் அவர் குழுவினரும் வயது கணித்தனர். இந்தியத் தீபகற்பத்தின் பழம்பாறைகளையும் இலங்கையின் பழம்பாறைகளையும் காலவரிசைப்படுத்தி 1955ஆம் ஆண்டு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

கிழிந்த சேலையின் கரை

ஒரு சேலை பல துண்டுகளாகக் கிழிந்துவிட்டால், அதன் கரையைப் பொருத்திப் பார்த்துத் துண்டுகளைச் சேர்க்கலாம். கண்டங்களுக்கு அத்தகைய கரையாக விளங்குபவை உருமாறிய பாறைகளின் மண்டலங்கள். மொசாம்பிக் மண்டலம், ஹோம்ஸ் முதலில் கருதியதைவிட இளையது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழ 65 கோடி முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், பல நிலப்பரப்புகள் மோதி ஒன்றுசேர்ந்தபோது அங்கே பெருமலைகள் எழுந்தன. அதே காலத்தில் உருமாறிய பாறைகள் மடகாசுகரிலும், கேரளத்தின் தென்பகுதியிலும், தமிழ்நாட்டின் மதுரை, கன்னியாகுமரிப் பகுதிகளிலும், இலங்கையிலும், அண்டார்க்டிகாவின் கிழக்குப் பகுதியிலும் காணப்படுகின்றன. இன்று கடல்கள் பிரிக்கும் இந்நிலங்கள் அன்று ஒரே மலைத்தொகுதியின் பகுதிகளாக இருந்தன.

அவ்வாறு ஒன்றுசேர்ந்த பெருங்கண்டத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரால் அமைந்த சொல் இது. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பெருங்கண்டம் உடையத் தொடங்கியது. பிளவுகளின் வழியே பொங்கி உறைந்த எரிமலைப் பாறைகளின் வயது, அவ்வுடைவின் காலத்தைக் காட்டுகிறது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா மடகாசுகரை விட்டுப் பிரிந்தது. வடக்கே நகர்ந்து சென்று, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. அம்மோதலில் எழுந்த இமயமலை இன்றும் உயர்ந்துகொண்டிருக்கிறது. பழைய மலை தேய்ந்து வேராக எஞ்சி நிற்பதைத் தென்னாட்டிலும், புதிய மலை எழுவதை வடநாட்டிலும் ஒரே நாட்டில் காணலாம்.

நிறைவு

தம் கணக்கைத் தாமே திருத்திக்கொள்ள ஹோம்ஸ் என்றும் தயங்கியதில்லை. 1913ஆம் ஆண்டு 160 கோடி என்று சொன்ன பூமியின் வயதை, புதிய சான்றுகள் கிடைத்தபின் 1947ஆம் ஆண்டு 335 கோடி என்று மாற்றினார். 1956ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் பேட்டர்சன், விண்கற்களை ஆராய்ந்து 455 கோடி என்ற அளவை வெளியிட்டார். இன்றும் அறிவியல் உலகம் ஏறத்தாழ அவ்வளவையே ஏற்கிறது. தம் எண்ணைக் கடந்து மற்றொருவர் சென்றது ஹோம்ஸுக்குத் தோல்வியன்று. அவர் வளர்த்த முறையின் வெற்றியே அது.

அதே 1956ஆம் ஆண்டு இலண்டன் புவியியல் கழகத்தின் வொலாஸ்டன் பதக்கமும், அமெரிக்கப் புவியியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கமும் அவரை வந்தடைந்தன. 1964ஆம் ஆண்டு வெட்லசன் பரிசு வழங்கப்பட்டது. 1960களில் கடலடியை ஆராய்ந்தவர்கள், கடலின் நடுவே புதிய தரை பிறந்து இருபுறமும் விலகுவதற்கான சான்றுகளைக் கண்டனர். முப்பது ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்ட கருத்து அறிஞர் அவைக்குத் திரும்பி வந்தது. ஹோம்ஸ் தம் பெருநூலைத் திருத்தி விரித்து 1965ஆம் ஆண்டு மீண்டும் வெளியிட்டார். அவ்வாண்டே செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள் இலண்டனில் காலமானார்.

பெங்களூரு லால்பாக் பூங்காவில் மக்கள் ஏறி நின்று நகரைப் பார்க்கும் பாறை, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழைமையான நைஸ். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையை மூடியிருக்கும் கல்லின் இனம், சென்னையை அடுத்த பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைப்பது. அவர் பெயரால் அவ்வினம் சார்னோக்கைட் என்று வழங்குகிறது. தெற்கிலிருந்து கிழக்கே வந்து சேர்ந்த அக்கல்லைக் கடந்து செல்பவர் பலர். அதன் பிறப்பைக் கேட்கலாம் என்றும், அது விடை சொல்லும் என்றும் உலகிற்குக் கற்றுத்தந்தவர்களுள் ஒருவர் ஆர்தர் ஹோம்ஸ்.

பயிற்சி

1. விவிலியத்தில் அச்சிடப்பட்டிருந்த எண் சிறுவர் ஆர்தரை ஏன் ஈர்த்தது?
2. பூட்டிய உண்டியலுக்கும் யுரேனியம் உள்ள கனிமத்திற்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
3. உருமாறிய பாறைகளின் வயதை உயிரினச் சுவடுகளைக் கொண்டு கணிக்க இயலாதது ஏன்?
4. பருப்பு கொதிக்கும் உலையைக் கொண்டு வெப்பச்சலனத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
5. மொசாம்பிக் பயணம் ஹோம்ஸுக்குத் தோல்வியா, வெற்றியா? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.
6. நீ வாழும் ஊரில் உள்ள குன்று, கோட்டை அல்லது கற்கட்டடம் ஒன்றைப் பார்த்து, அதன் கல்லின் நிறம், வரி, மணி ஆகியவற்றை விவரித்து எழுதுக.